எரியும் பழைய கட்டிடம்: வீரர்கள் எப்போது உள்ளே போகக் கூடாது?

2020 நவம்பர் 14, தீபாவளி அதிகாலை. மதுரை விளக்குத்தூண் பகுதியில் பழைய கட்டிடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. அணைத்துக்கொண்டிருந்தபோதே கட்டிடம் இடிந்து விழுந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். 2015 மே மாதம் மும்பை கல்பாதேவியிலும் இதே கதைதான். எரிந்த பழைய கட்டிடம் சரிந்ததில், தலைமைத் தீயணைப்பு அதிகாரி உட்பட நான்கு அதிகாரிகள் பலி.

ஏதோ வெளியூர்ச் செய்தி என்று புதுச்சேரி இதைக் கடந்துபோக முடியாது.

என்ன ஆபத்து?

ஒயிட் டவுனிலும் தமிழர் பகுதியிலும் பழைய வீடுகள் பலவற்றின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. மர உத்தரம், மேலே குறுக்குக் கட்டைகள், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புக் காரை. மொத்த எடையும் மரத்தின் மேல்தான். தடிமனான உத்தரம் சட்டென்று எரிந்து முடியாது. கரியாகிக் கரியாகி மெலியும். ஒரு கட்டத்தில் தளம் மொத்தமாக இறங்கிவிடும்.

அணைக்கும் தண்ணீரும் பாரம்தான். நிமிடத்துக்கு 500 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிடத்தில் 5 டன். அது வடியாமல் தேங்கினால்? கடற்கரைச் சாலை மேரி கட்டிடம் 2014 நவம்பர் 29 அன்று தீயே இல்லாமல், மழையிலேயே இடிந்தது ஞாபகம் இருக்கும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும்?

கட்டிட உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. 12 மீட்டர் கட்டிடம் என்றால் 18 மீட்டர். நம்ம ஊர் குறுகிய வீதிகளில் எதிர்ச் சுவரோரம் ஒட்டி நின்றாலும் அந்தத் தூரம் கிடைக்காது. அதனால் முகப்புக்கு நேராக நிற்காமல், மூலைப் பக்கம் விலகி நின்று அடிப்பதுதான் பாதுகாப்பு. சுவர் பிதுங்குவது, விரிசல் பெரிதாவது, தளம் தொய்வது எல்லாம் உடனே வெளியேறச் சொல்லும் அறிகுறிகள்.

யார் முடிவெடுப்பது?

முதல் கேள்வி ஒன்றுதான்: உள்ளே ஆள் இருக்கா? இருந்தால், துணிந்து போவதில் நியாயம் உண்டு. இல்லையென்றால் சரக்குக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. கடைக்காரர் கெஞ்சலாம், செல்போனோடு நிற்கும் கூட்டம் 'சும்மா நிக்கிறாங்க' என்று கத்தலாம். அதனால் இந்த முடிவை வீரரின் தைரியத்தில் விடாமல் எழுதப்பட்ட விதியாக்க வேண்டும். வெளியே நிற்பது கோழைத்தனம் இல்லை, விதி.

விதிக்குத் தகவல் வேண்டும். பழைய வீடுகள் பல இன்று கஃபே, ஹோட்டல் ஆகிவிட்டன: சமையலறை, சிலிண்டர், ஏசி எல்லாம் அதே மர உத்தரத்தின் கீழே. பாரம்பரியக் கட்டிடங்களை இன்டாக் அமைப்பு ஏற்கெனவே பட்டியலிட்டிருக்கிறது. அதில் கூரை எந்த வகை, மரம் எங்கே, சிலிண்டர் எங்கே என்று சேர்த்து, தீயணைப்பு நிலையத்தின் கையில் கொடுத்தால் என்ன? அழகுக்காக எடுத்த பட்டியல், உயிரையும் காப்பாற்றட்டும்.