ஒற்றியூரில் பிறந்த இரு வண்டிகள்

திருவொற்றியூர் என்றதும் நேயர்களுக்குத் தியாகேசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் ஞாபகத்துக்கு வரும். இயந்திரப் பிரியர்களுக்கோ வேறொன்றும் வரும். மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் இங்கிலாந்து தேசத்து ராயல் என்பீல்டும் கூடி 1955-இல் ஏற்படுத்திய என்பீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இவ்வூரிலேதான் எழுந்தது. அங்கே உருவான புல்லட்டின் கீர்த்தியை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் நிழலில் மறைந்த இரண்டு வண்டிகளையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம். பழைய வண்டி சேகரிக்கும் அன்பருக்கு இவற்றுள் எது தகும்?

முதலாவது, 1960-களில் வெளிவந்த பாண்டாபுலஸ் ஸ்கூட்டர். வில்லியர்ஸ் கம்பெனியின் 173 சி.சி. எஞ்சின் பூட்டியது. காலால் உதைக்காமல், மின்சாரத்தாலேயே கிளம்பும். அக்காலத்தில் இது பெரிய சௌகரியம் அல்லவா?

இரண்டாவது, 1990-களில் ஓடிய டாரஸ். புல்லட்டின் உடலில் 325 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். பலம் 6.5 குதிரைச் சக்திதான், வேகமும் சொற்பம், அதிர்ச்சியோ அதிகம். ஆயினும் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதால் பால்காரரும் குடியானவரும் அதை விரும்பினர். புகைக் கட்டுப்பாடு கடுமையானபின் அதன் உற்பத்தி நின்றது.

அழகையும் அருமையையும் பார்த்தால் ஸ்கூட்டரே உயர்ந்தது. ஆனால் அந்த எஞ்சினை இன்று செய்வார் இல்லை. ஓர் உறுப்பு தேய்ந்தால் கடைசல் பட்டறையைத்தான் நாட வேண்டும். டாரஸின் உடலுக்குப் புல்லட் சாமான்களில் பல பொருந்தும். எஞ்சினும் இயந்திர சாலைகளுக்கென்று செய்த இனத்தைச் சேர்ந்ததாகையால் பழுது பார்ப்பது எளிது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். மத்திய சர்க்காரின் 2021-ஆம் வருஷத்து விதிப்படி, முதற் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிக்குப் புராதன வண்டியெனத் தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. பாண்டாபுலஸுக்கு இவ்வயது வந்துவிட்டது, டாரஸுக்கு வரவில்லை. சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிதும் மாறியிருந்தால் அப்பதிவு கிட்டாது என்பதே முக்கியம்.

ஆகவே ஓட்டி மகிழ நினைப்பவர் டாரஸைத் தேடுக. பொறுமையும் பொருளும் உள்ளவர் ஸ்கூட்டரைத் தேடுக. இரண்டில் எதை வாங்கினாலும், உதிரி கிடைக்கவில்லையென்று பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்து வேறொன்றைப் பூட்ட வேண்டாம். வண்டியின் உயிர் அந்த இரும்பில்தான் இருக்கிறது. அது பழைய இரும்புக் கடைக்குப் போனபின், மிஞ்சிய கூட்டுக்கு வர்ணம் பூசி என்ன பயன்?