பழைய கணினியும் தோட்டத்துப் பிள்ளையும்

ஊவா மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர் ஒருவர். அதைத் தம் பெயர் பொறித்த பெட்டியில் அடைத்துப் பெரும்பொருள் ஈட்டுபவர் வேறொருவர். இவ்வுண்மையைப் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கணினி வாணிபத்தில் நடப்பதும் இதுவே.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. கணினியின் மூளையாகிய நுண்செயலியை இன்டெல்லிடமும், அதனை இயக்கும் பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்டிடமும் பெற்றது. அவ்விரண்டையும் பிறரும் வாங்கலாம் என்றிருந்ததால், கொம்பக் முதலிய நிறுவனங்கள் அதே வகைக் கணினிகளைச் செய்து குவித்தன. போட்டி மூண்டது, விலை விழுந்தது. பெட்டி கட்டியோரின் இலாபம் தேய்ந்தது. நுண்செயலியும் முறைமையும் விற்றோர் செழித்தனர். தொடங்கி வைத்த ஐ.பி.எம். நிறுவனமே 2005இல் அத்தொழிலைச் சீனாவின் லெனோவோவுக்கு விற்று விலகியது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்போ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. பழுதில்லாத பொருள் பயனற்றதாகிறது, புதியது விற்பனையாகிறது. கொழும்பு அலுவலகத்துக்கு இது ஒரு செலவு. நன்கொடையாக வந்த நாலைந்து கணினிகளை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலைக்கோ இது பேரிடி. 2022இல் ரூபாய் சரிந்த பின்னர், புதியதை வாங்க அதற்கு வழி ஏது?

வழி வேறு உண்டு. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் இயங்குகிறது. தமிழிலும் எழுத இடந்தருகிறது. விண்டோஸ் பழகாத பிள்ளைக்கு வேலை கிட்டுமோ எனச் சிலர் ஐயுறுவர். எழுதக் கற்றவனுக்கு எந்தப் பேனாவும் எழுதும் என்பதே நம் விடை. ஆயினும், அதனை நிறுவித் தரவும் ஆசிரியரைப் பழக்கவும் ஆள் வேண்டும். அது தானாக நடவாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. எந்தக் கணினியையும் கழிக்குமுன் லினக்ஸை நிறுவிப் பார்க்குமாறு மாகாணக் கல்வித் திணைக்களம் பணிக்கட்டும். பதுளையின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் நம் இளைஞர் விடுமுறையில் ஒரு நாளைத் தோட்டப் பாடசாலைக்கு ஈயட்டும். பூட்டிய அறையில் கணினி ஏன் உறங்குகிறது என்று பெற்றோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேட்கட்டும்.

கொழுந்தைக் கொடுத்துப் பெயரை இழந்தோம். பிள்ளைகளின் கருவியையும் பிறர் குறித்த நாளில் இழப்பதா?