முத்திரையை வெட்டாதீர்கள்



மூடப்பட்ட, பெயர் மாறிய தபால் நிலையங்களின் சீல் விழுந்த பழைய தபாலட்டைகளைத் தேடி வாங்குவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். கொழும்பில் பிளாட்டே கம்பனி வெளியிட்ட, கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் உள்ள அட்டைகளும் நல்ல விலைக்குப் போகின்றன. படத்தில் இருப்பவர்கள் நம் பாட்டிமார். ஆனால் அவர்களின் பெயர் அதில் இல்லை.

நம் பெயர் உள்ள அட்டைகள் வேறு. அவை லயத்து அறைகளில், தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. "அம்மாவுக்குச் சுகமில்லை", "தங்கச்சிக்குக் கலியாணம்" என்று திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவை.

1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. நம்மவர்கள் போய்வந்த வழி அது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆகுமுன், டிசெம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அங்கிருந்த தபால் நிலையத்தின் இடிந்த சுவர்கள்தான் மிச்சம்.

தனுஷ்கோடி சீல் உள்ள அட்டை சேகரிப்போருக்கு அரிய பொருள். நமக்கோ அது சாட்சி. ஏனெனில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், பிரஜாவுரிமைக்கு அதே ஒப்பந்தத் திகதியைத்தான் எல்லையாக வைத்தது: 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவரா, அல்லது அவருடைய சந்ததியா? காணி உறுதியோ வீட்டு உறுதியோ இல்லாத குடும்பத்துக்கு, தோட்டத்தின் பெயரும் தாத்தாவின் பெயரும் எழுதி, ஊரும் திகதியும் குத்திய ஓர் அட்டை சின்ன விஷயமல்ல.

சம்பளப் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நாளைக்குக் காணி கேட்டுப் போகும்போது, "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும். வாயால் சொல்வதைவிடக் கையில் காட்டுவது மேல்.

வகுப்பில் பழைய கடிதம் கொண்டுவரச் சொன்னால், பிள்ளைகள் முத்திரையை மட்டும் வெட்டி எடுத்து வருகிறார்கள். முத்திரையோடு பாதிச் சீலும் போய்விடுகிறது. மீதி அட்டை அடுப்புக்குப் போகிறது. லயத்தில் தீப்பிடித்தால் வரிசையே சாம்பலாகிறது. கூரை ஒழுகினால் மை கரைகிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைச் செய்யட்டும். வீடு வீடாகக் கேளுங்கள். அட்டையை வெட்ட வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம், லெமினேட் செய்ய வேண்டாம். இரு பக்கமும் கைபேசியில் படமெடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், சீலில் உள்ள ஊரும் திகதியும் என்ன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அட்டையை உரியவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். சங்கத்துக்குப் பிரதி போதும்.

இன்னொன்று. இன்றும் பல லயங்களில் வீட்டுக்குத் தனி இலக்கமில்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கே போகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த பிள்ளைகளை நாம் அறிவோம். பழைய முகவரிகளைக் காப்பதோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த முகவரி கேட்பதும் நம் வேலை.