விட்ட இடத்தில் மீண்டும் ஒரு தொடக்கம்

அலுவலகத்திற்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஒரு காலத்தில் மிதிவண்டியிலேயே சென்று வந்தவர்கள் பலர். பணி ஓய்வுக்குப் பின் அந்த வண்டி மாடிப்படியின் கீழ் காற்றிறங்கி நிற்கிறது. எடுத்துத் துடைக்கலாம் என்று நினைக்கும்போதே, “இந்த வயதில் எதற்கு?” என்று வீட்டார் கேட்கும் முன் மனமே கேட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறியவர், பிரான்ஸ் நாட்டு முதியவர் ராபேர் மார்ஷான்.

1911 நவம்பர் 26 அன்று அமியென் நகரில் பிறந்த அவர், ஐந்தடி உயரமே கொண்டவர். இளமையில் மிதிவண்டிப் பந்தய வீரராக விரும்பினார். இந்தச் சிறிய உடலுக்குப் பந்தயம் ஒத்துவராது என்று பயிற்சியாளர் ஒருவர் கூறிவிட்டார். ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்தார். பாரிஸில் தீயணைப்பு வீரர், வெனிசுவேலாவில் லாரி ஓட்டுநர், கனடாவில் மரம் வெட்டுபவர் எனப் பல வேலைகள். 1960-இல் தாய்நாடு திரும்பித் தோட்டவேலையும் செய்தார்.

1978-இல், அறுபத்தேழு வயதை எட்டும் வேளையில், மார்ஷான் மீண்டும் மிதிவண்டியில் ஏறினார். பிறர் சாய்வு நாற்காலியைத் தேடும் பருவம் அது. 1992-இல், எண்பது வயது கடந்த நிலையில், பாரிஸிலிருந்து மாஸ்கோ வரை மிதித்துச் சென்றார். நூறு வயதைத் தாண்டியபின், 2012-இல், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். ஈராண்டு கழித்து அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் சென்றார். வயது ஏறியிருக்க, வேகம் குறையவில்லை, கூடியிருந்தது.

இது எவ்வாறு இயன்றது? வெரோனிக் பில்லா என்னும் உடலியல் பேராசிரியை, அவருடைய 101-ஆவது வயதிலிருந்து 103-ஆவது வயது வரை அவரை ஆராய்ந்தார். ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர் பயிற்சி வகுத்துக் கொடுக்கப்பட்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு, மூச்சு வாங்காத இலகுவான மிதிப்பு. எஞ்சிய ஒரு பங்கில் மட்டுமே சற்றுக் கடுமை. ஈராண்டு முடிவில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு 31 மில்லிலிட்டராக இருந்த அவரது உயிர்வாயு உட்கொள்ளும் திறன் 35 ஆக உயர்ந்தது.

ஒருவரைக் கொண்டு செய்த ஆய்வை அனைவருக்கும் பொருத்திவிட இயலாது. எனினும், “முதுமையில் உடல் இனித் தேறாது” என்ற முடிவு அவசரமானது என்பதை அது உணர்த்துகிறது. அதைவிடவும் கவனிக்கத்தக்கது அந்த ஐந்தில் நான்கு பங்கு. அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி நிதானமாகவே அமைந்தது.

மீண்டும் மிதிவண்டி எடுக்க விழைவோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இதய நோய், தலைச்சுற்றல், கண்புரை, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு இது மிகவும் அவசியம். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பது நலம்.

காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது கடினமானால், குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டும் வகை வண்டியே ஏற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடக்க நாட்களில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்திக்கொள்ளலாம். தடுமாற்றம் நீங்கியதும் சற்று உயர்த்துவது முழங்காலுக்கு நல்லது. முன்சக்கரத் தடையை மட்டும் திடீரென அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். வேட்டியும் புடவையும் சங்கிலியில் சிக்கும் என்பதையும் மறக்கலாகாது. தலைக்கவசம் அணிந்து, வண்டிகள் நடமாடாத மைதானத்தில் ஒரு வாரம் பழகிய பின்னரே தெருவுக்கு வருவது உத்தமம்.

உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், நடக்கையில் வலிக்கும் முழங்கால் பலருக்கு மிதிக்கையில் அவ்வளவு வலிப்பதில்லை. ஆனால் எலும்பு உறுதிக்கு நடையும் வேண்டும். சமநிலை கைகூடாதவர்களுக்கு வீட்டினுள் நிற்கும் பயிற்சி வண்டி உண்டு. மார்ஷானும் அதைப் பயன்படுத்தியவரே.

105 வயதில், 2017 ஜனவரியில், அவர் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். இன்னும் பத்து நிமிடமே உள்ளது என்ற அறிவிப்புப் பலகையைக் கவனிக்கத் தவறியதாகவும், கவனித்திருந்தால் வேகத்தைக் கூட்டியிருக்கலாம் என்றும் பின்னர் கூறினார். 2021 மே மாதம், 109-ஆவது வயதில், அவர் மறைந்தார்.

சாதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. மகனையோ ஆட்டோவையோ எதிர்பாராமல், விடியற்காலையில் தாமே மிதித்துச் சென்று சந்நிதியில் நின்று திரும்ப முடிந்தால், அந்த இரண்டு கிலோமீட்டரே போதும். மாடிப்படியின் கீழுள்ள வண்டிக்கு முதலில் காற்றடிக்க வேண்டும்.