பிரெஞ்சு முதலில் வாயில் வரட்டும், அட்டவணை பிறகு வரட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை மொழி வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும், வகுப்பு நடத்தும் நண்பர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எல்ல டவுனில் பத்து நிமிடம் நின்றால் நாலைந்து மொழிகள் காதில் விழும். அதில் பிரெஞ்சும் ஒன்று. பிரான்ஸிலிருந்து மட்டுமல்ல, பெல்ஜியம், சுவிட்ஸர்லாந்திலிருந்தும் பிரெஞ்சு பேசுபவர்கள் வருகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலம், லிட்டில் அடம்ஸ் பீக், ராவணா எல்ல, தெமோதர என்று சுற்றுகிறார்கள். குழுவாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டியை வெளியூரிலிருந்தே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எமது ஊர்ப் பிள்ளைகளுக்கும், சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களில் இருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது பேக் தூக்குவதும், த்ரீவீல் ஓட்டுவதும், ரூம் துடைப்பதும்தான். அந்த வேலைகளில் குறைவில்லை, ஹலாலான உழைப்பு. ஆனால் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், இந்த மலையைப் பற்றிச் சொல்லும் வேலையை மற்றவனிடம் கொடுத்துவிட்டு நிற்கிறானே என்பதுதான் எமது கவலை.

இதை உணர்ந்து சில பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கப் போகிறார்கள். மாஷா அல்லாஹ், நல்ல விடயம். ஆனால் போன வேகத்திலேயே பலர் திரும்பி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டு ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்த்தால் காரணம் விளங்குகிறது. பக்கம் பக்கமாக வினைச்சொல் அட்டவணைகள். இலக்கணப் புத்தகத்தில் உள்ள காலங்கள் அத்தனையும் வரிசையாக. அதில் ஒன்று 'இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்'. இன்னும் ஒருவருக்கு 'போன்ஜூர்' சொல்லிப் பழகாத பிள்ளை அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது.

அது என்ன என்று இலகுவாகச் சொல்கிறோம். விருப்பம், சந்தேகம், கட்டாயம் போன்றவற்றைச் சொல்லும்போது பிரெஞ்சில் பின்னால் வரும் வினைச்சொல் வேறு வடிவம் எடுக்கும். அதுதான் சப்ஜங்க்டிவ். தமிழில் 'அவன் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்' என்கிறோம். நேற்றைய கதை என்றால் 'அவன் பேச வேண்டும் என்று விரும்பினேன்' என்கிறோம். கடைசிச் சொல்தான் மாறுகிறது. 'பேச வேண்டும்' அப்படியே இருக்கிறது. பழைய பிரெஞ்சில் அப்படி விடமாட்டார்கள். கதை இறந்த காலத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் 'பேச' என்ற வினையும் மாற வேண்டும். அந்த மாற்றம்தான் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்.

'பேசு' என்பதற்குப் பிரெஞ்சு வினை 'பர்லே'. இதற்கு அந்த அட்டவணையை உச்சரித்தால் இப்படி வரும்: பர்லாஸ், பர்லாஸ், பர்லா, பர்லாஸியோன், பர்லாஸியே, பர்லாஸ். எழுத்தில் ஆறும் ஆறு விதம். காதுக்குக் கேட்பது நான்குதான். 'நான்', 'நீ', 'அவர்கள்' மூன்றுக்கும் ஒரே ஓசை. 'அவன்' என்பதற்கு வருவதில் ஒரு எழுத்தின் தலைக்கு மேல் தொப்பி போல ஒரு குறி போட வேண்டும். அதைப் போட்டாலும் போடாவிட்டாலும் உச்சரிப்பு ஒன்றுதான். இதற்கு மேல், இந்த வடிவத்தை உருவாக்க இன்னொரு இறந்த கால வடிவத்தை முதலில் படிக்க வேண்டும். அதுவும் இன்றைய பேச்சில் இல்லாதது, கதைப் புத்தகத்தில் மட்டும் இருப்பது. பேச்சில் இல்லாத ஒன்றைப் பிடிக்கப் பேச்சில் இல்லாத இன்னொன்றை ஏணியாக வைக்கிறோம்.

இன்று பாரிஸில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. 'அவன் பேச வேண்டும் என்று விரும்பினேன்' என்பதற்கு அவர்களும் இப்போது தமிழைப் போலவே கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். உள்ளே சாதாரண சப்ஜங்க்டிவ் போதும். இது நேற்றைய மாற்றமும் அல்ல. 1901 பெப்ரவரியில் பிரான்ஸின் கல்வி அமைச்சே ஒரு ஆணை வெளியிட்டது. பரீட்சையில் பிழையாகக் கணக்கெடுக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் அதில் இருந்தது. 'அவன் வந்தால் நல்லது' என்கிற மாதிரியான வசனங்களில் பழைய வடிவத்துக்குப் பதிலாக நிகழ்கால வடிவத்தை எழுதலாம் என்பதும் அதில் ஒன்று. எமது பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு 23 வருடங்களுக்கு முன்னரே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளின் தலையிலிருந்து இந்தச் சுமையில் ஒரு பகுதியை இறக்கி வைத்துவிட்டார்கள். நாம் அதை எடுத்து எல்லப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம்.

ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படிக்க வந்தால் முதல் மாதமே 'வருக', 'அருந்துக', 'செய்யற்க' என்று சொல்லிக் கொடுப்போமா? 'வருக வருக' என்று கல்யாண பேனரில் எழுதுகிறோம். வீட்டு வாசலில் 'வாங்க' என்றுதான் சொல்கிறோம். அவர் ஒரு லயன் வீட்டில் போய் 'அம்மணி, தேநீர் தருக' என்று கேட்டால் எப்படி இருக்கும்? எமது பிள்ளை பிரெஞ்சுக்காரரிடம் அந்த அட்டவணைச் சொல்லைச் சொன்னால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"மத்ரஸாவில் ஸர்ஃப் மனப்பாடம் செய்கிறோமே, அது மட்டும் சரியா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 'நஸர, நஸரா, நஸரூ' என்று ஓதிய தலைமுறைதான் நாங்கள். அரபியிலும் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டு. 'யக்துபு' என்ற சொல்லுக்கு முன் 'அன்' வந்தால் 'அன் யக்துப' என்று கடைசி ஓசை மாறும். மத்ரஸா மாணவன் அதைப் படித்தே ஆக வேண்டும், ஏனெனில் அவன் வாசிக்கப் போவது குர்ஆனையும் கிதாபுகளையும். அங்கே அந்த இலக்கணம் வரிக்கு வரி வாழ்கிறது. ஆனால் சவூதிக்கும் கத்தாருக்கும் வேலைக்குப் போன எமது சகோதர சகோதரிகளைப் பாருங்கள். ஸர்ஃப் தெரியாது. இரண்டு வருடத்தில் அரபு கதைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கேட்டுப் பழகிய பேச்சு அரபியில் அந்தக் கடைசி ஓசைகளே இல்லை. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர்களைக் கேளுங்கள், அவர்களில் எத்தனையோ பேர் பிரெஞ்சு படித்த இடம் ரெஸ்டூரன்ட் குசினி.

ஆகவே அட்டவணையை நாங்கள் வெறுக்கவில்லை. யாருக்கு, எதற்கு, எப்போது என்பதுதான் கேள்வி. உயர்தரத்துக்குப் பிரெஞ்சு எடுத்து, களனிப் பல்கலைக்கழகம் வரை போய், பழைய இலக்கியம் வாசிக்க ஆசைப்படும் பிள்ளை அந்த வடிவத்தைக் கண்டால் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் அது ஆரம்பப் பாடம் அல்ல.

அப்படியானால் முதல் மூன்று மாதத்தில் எதைக் கொடுக்கலாம்? எமது ஆலோசனை இது:

1. முதலில் 'போன்ஜூர்'. எதைக் கேட்பதற்கு முன்னும் அதைச் சொல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் மரியாதைக் குறைவாக எடுப்பார். ஸலாம் சொல்லாமல் பேச்சைத் தொடங்காத எமக்கு இது விளங்காதா?

2. 'தூ', 'வூ' வித்தியாசம். எங்கள் 'நீ', 'நீங்கள்' மாதிரியே. விருந்தாளிக்கு எப்போதும் 'வூ'.

3. 'இல் ஃபோ' என்றால் 'வேண்டும்'. அதற்குப் பின்னால் வினைச்சொல்லை அகராதியில் உள்ளபடியே வைத்தால் வசனம் முடிந்தது. 'இறங்க வேண்டும்', 'காத்திருக்க வேண்டும்' எல்லாம் சப்ஜங்க்டிவ் இல்லாமலே சொல்லலாம்.

4. 'ஜ வூத்ரே' என்றால் 'எனக்கு வேண்டும்' என்பதைப் பணிவாகச் சொல்வது. விருந்தாளி வாயில் அடிக்கடி வருவது இது. காதுக்குப் பழக வேண்டும்.

5. தொழிலுக்குரிய வசனங்கள். கறி உறைக்கும் என்றால் 'ஸா பீக்'. பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் நிற்பவரிடம் 'அதான்ஸியோன், ல த்ரேன் அரீவ்' - கவனம், ரயில் வருகிறது. இந்த ஒரு வசனம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

6. அட்டை, தேயிலை, படிக்கட்டு, மழை, மூடுபனி, திருப்பம். எமது மலையின் சொற்கள் ஐம்பது.

இது தரக்குறைவான படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக் கல்வி அமைச்சின் டெல்ஃப் பரீட்சையில் முதற்படியான ஏ1இல் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 புள்ளிகள். பேச்சுக்கும் கேட்டலுக்கும் பாதிப் புள்ளி. இந்த அட்டவணைக்கு அங்கே வேலையே இல்லை. சுற்றுலா அதிகார சபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க நினைக்கும் பிள்ளைக்கும், தன் பிரதேசத்தைப் பற்றி வாய் திறந்து சொல்லும் திறன்தான் வேலையில் உதவும்.

இது பிரெஞ்சோடு முடிகிற கதையும் அல்ல. தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள் எமது பிள்ளைகள். சிங்களமும் படிக்கிறார்கள். பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தாயின் வருத்தத்தைச் சொல்ல ஆள் தேடுகிறார்கள். கச்சேரியில் படிவத்தோடு நின்று யாரையாவது பார்க்கிறார்கள். கொப்பியில் மொழி இருக்கிறது, வாயில் இல்லை. பிழை வந்துவிடுமோ என்ற பயத்தை அட்டவணையோடு சேர்த்து ஊட்டிவிட்டோம். அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

வகுப்பு நடத்தும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரம் கொப்பியை மூடி வையுங்கள். பிள்ளைகள் பிழையாகவே கதைக்கட்டும், சிரித்துவிட்டுத் திருத்துங்கள். பெற்றோரிடமும் ஒன்று: "இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்க வேண்டாம். "இன்றைக்கு யாரோடு கதைத்தாய்?" என்று கேளுங்கள்.

எல்ல, தெமோதர, பண்டாரவளைப் பக்கம் பிரெஞ்சு தெரிந்த வழிகாட்டிகள் யாராவது இதை வாசித்தால், வாரத்தில் ஒரு மணித்தியாலம் எமது பிள்ளைகளோடு வெறுமனே கதைக்க முடியுமா என்று கீழே சொல்லுங்கள். இடம் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ். எல்லா சமூகத்துப் பிள்ளைகளும் வரலாம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் நாவுகளில் உள்ள முடிச்சுகளை அவிழ்த்து வைப்பானாக. ஆமீன்.