ஒயரை வெட்டிவிட்டு விலை பேசுங்கள்

டிஜிட்டல் காமிரா வந்தபின் நம் ஊர்களில் ஒவ்வொன்றாக மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் பின்கட்டுகளில், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உறங்கிக் கிடந்த, பிலிம் படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழச்செய்யும் என்லார்ஜர்கள் இப்பொழுது மறுபடியும் விலைபோகின்றன. பிலிமில் படமெடுத்து, தாமே கழுவி, தாமே பிரிண்ட் போட்டுப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை சில இளைஞர்களிடம் துளிர்த்திருப்பது எனக்குச் சந்தோஷமே. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ காகிதத்தில், சிவப்பு விளக்கின் கீழ், டெவலப்பர் தட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்தவன் எவனும் அந்த ஆசையைக் குறை சொல்லமாட்டான். லென்ஸில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், அந்த யந்திரத்தின் வாலாகச் சுருண்டு கிடக்கும் ஒயரை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதே என் விசாரம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றிலிருந்து நான் வாங்கிவந்த என்லார்ஜர், வீட்டுக் குளியலறையில் பத்து நாட்கள் சாதுவாக வேலை செய்தது. “முப்பது வருஷமா ஒண்ணும் ஆனதில்லை சார்” என்று கொடுத்தவர் சொன்னதும் பொய்யன்று. பதினோராம் நாள், ஹைப்போவில் நனைந்த கையோடு அதன் இரும்புத் தண்டைப் பிடித்தேன். இடது முழங்கை தண்ணீர்க் குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. தோள்வரை ஒரு இழுப்பு இழுத்து, தெய்வாதீனமாகக் கை தானே விடுபட்டது. மறுநாள் வந்த ஒயர்மேன் விளக்குக் கூட்டைத் திறந்தபோது, உள்ளே நுழையும் இடத்தில் ஒயரின் ரப்பர் உறை அவர் விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கி விழுந்தது. செம்புக் கம்பி ஒன்று தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூல் பின்னிய மேலுறை வெளியே பளபளவென்று இருந்ததால் உள்ளே நடந்த சிதைவு யார் கண்ணுக்கும் படவில்லை. பத்து நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். “ரெண்டு பின் பிளக்கு சார், இதுவரைக்கும் நியூட்ரல் பாடியைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கும், நேத்து திருப்பிச் சொருகியிருப்பீங்க” என்றார். ஆக, அந்த முப்பது வருஷச் சான்றிதழின் பொருள், பிளக்கு ஒரே பக்கமாகச் செருகப்பட்டு வந்தது என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவுக்குத் தடுத்து நிறுத்தும். நனைந்த தோல் அப்படியன்று. அந்நிலையில் உடம்பின் தடையை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் நமக்குள் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். இதயத்தின் தாளத்தைக் குலைப்பதற்கு அதில் ஒரு பகுதியே போதும். ஐந்து ஆம்பியர் பியூஸோ, ‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே’ என்று பலர் நம்பியிருக்கும் அந்தச் சாதனமோ, இதைக் கண்டு இமைகூடக் கொட்டாது. அவை ஒயர் தீப்பிடிக்காமல் காக்க ஏற்பட்டவை. மனிதனைக் காக்க ஏற்பட்டது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.; டார்க் ரூமுக்கு மின்சாரம் அதன் வழியாகவே போகவேண்டும். சுவரில் மூன்று துளை இருப்பதைக் கொண்டு எர்த் இருப்பதாகத் திருப்தியடைவதும் தவறு. பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகள் எத்தனையோ.

ஒயரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு மற்றொரு பொறி காத்திருக்கிறது. நம் நாட்டில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்த வழக்கம். ஆனால் ஜெர்மனியில், 1960-களின் நடுப்பகுதிவரை, சிவப்பு ஒயர்தான் எர்த்! அக்காலத்து ஜெர்மன் யந்திரம் ஒன்றை வாங்கி, நம் ஊர் வழக்கப்படி சிவப்பைப் பேஸில் மாட்டுகிற நல்ல மனிதர், தலைமுதல் கால்வரை அந்த இரும்பு முழுவதிலும் மின்சாரத்தைத் தாமே ஏற்றிவைக்கிறார். அமெரிக்கச் சாமானிலோ கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். இவை போதாதென்று, சிவப்பு விளக்கின் கீழேயே அவசரமாக ரிப்பேர் பார்ப்பவர்களும் உண்டு; அந்த வெளிச்சத்தில் சிவப்பு வெள்ளையாகத் தெரியும், பச்சை கறுப்பாகத் தெரியும், எர்த்தையும் நியூட்ரலையும் பிரித்தறியப் பிரம்மதேவனாலும் ஆகாது.

பல்பு மாட்டும் இடத்தையும் சொல்லவேண்டும். ஐரோப்பிய என்லார்ஜர்கள் பலவற்றில் இருப்பது திருகு ஹோல்டர்; பிளக்கு எந்தப் பக்கமாகவும் செருகக்கூடியதாக இருந்தால், பல்பைத் திருகும்போது விரல் படக்கூடிய உலோக மரையிலேயே பேஸ் வந்து நிற்கலாம். ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும்படி அமைந்துவிட்டாலோ, விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் உயிர் இருக்கும். பல்பு மாற்றுமுன் ஸ்விட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுவது உத்தமம். விளக்குக் கூட்டுக்குள் வெள்ளை நாரால் பொதிந்த ஒயர் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைப் பிய்த்துத் தூசு கிளப்பக்கூடாது. ஈரப் பிரிண்டுகளைச் சூடான உலோகத் தகட்டின்மேல் பரப்பிக் காயவைக்கும் பழைய மின்சாரக் கிளேசரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில், பிரிண்டுகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள் என்பதே.

பழம்பொருளை அதன் ஆதி நிலையிலேயே வைத்திருப்பதில்தான் மதிப்பு என்று சேகரிப்பாளர்கள் வாதிப்பார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருளுக்கு அது பொருந்தும். தினமும் மின்சாரம் பாய்ச்சி உபயோகிக்கும் யந்திரத்தில் லென்ஸும் தண்டும் பரம்பரைச் சொத்தாகலாம். ரப்பரும் பிளக்கும் செருப்பைப் போலத் தேய்ந்து போகிறவை. ஆகவே, விற்பவர்களை நான் வேண்டுவது ஒன்றுதான்: ஒயரை அடியோடு வெட்டிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். வாலில்லாத யந்திரத்தை வீட்டுக்குப் போனவுடன் எவரும் சுவரில் செருகமுடியாது. ஒயர்மேனைக் கூப்பிட்டே தீரவேண்டும். அவரும் கூட்டைத் திறந்து பார்த்தே தீரவேண்டும். வாங்குபவர் எதிரே ஓட்டிக் காட்டவேண்டாமா என்பார்கள். புது ஒயர் போட்டு ஓட்டிக் காட்டட்டும்.

என்னுடைய என்லார்ஜருக்கு இப்பொழுது சூடு தாங்கும் சிலிகான் ஒயரும், மூன்று பின் பிளக்கும், கூட்டின் தகரத்தோடு திருகி முறுக்கிய ஒரு பச்சை எர்த்தும் இருக்கின்றன. கழற்றிய பழைய ஒயரைப் பழைய சாமான்காரர் கேட்டார். முழுதாகக் கொடுத்தால் அது வேறொரு டேபிள் விளக்கின் வாலாகத் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். சாண் சாணாக நறுக்கி, பிளக்கைச் சுத்தியால் உடைத்து, செம்புக்காக மட்டும் எடைக்குப் போட்டேன்.