அடையாளம் இல்லாத காசு அபூர்வக் காசா?

கீழ்பென்னாத்தூரில் இருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்தில் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே சில காசுகளில் சின்ன டைமண்ட் இருக்கும். சிலவற்றில் நட்சத்திரம், சிலவற்றில் புள்ளி. சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத காசை வைத்துத்தான் இன்று வியாபாரமே நடக்கிறது! "அச்சடிக்கும்போது அடையாளம் விட்டுப்போன காசு, லட்சத்துக்குப் போகும்" என்கிறார்கள்.

விஷயம் இதுதான். டைமண்ட் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தா நாணயச்சாலைக்கு அடையாளமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலும் இப்படித்தான். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் பம்பாய்க்குப் புள்ளி உண்டு, கல்கத்தாவுக்கு இல்லை. ஆக, அடையாளம் இல்லை என்பது நம் நாட்டில் குறையே அல்ல. அதுவும் ஒரு முகவரிதான்.

அப்படியானால் உண்மையாகவே அடையாளம் விட்டுப்போன காசு உலகில் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் 1922-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசுகள் டென்வர் நகரில் மட்டுமே அச்சாயின. எல்லாவற்றிலும் 'டி' என்ற எழுத்து இருந்திருக்க வேண்டும். அச்சு தேய்ந்தும் அடைபட்டும் போனதால் சிலவற்றில் அது விழவில்லை. வேறு எந்த ஊரிலும் அந்த ஆண்டு சென்ட் அடிக்கவில்லை என்பதால்தான் அதற்கு மதிப்பு. அதிலும் 'டி'யைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்ற மோசடிகள் நடந்தன. அதனால் எந்த அச்சில் அடித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வல்லுநர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

இங்கேயும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த ஆண்டில், அந்த மதிப்பில், கொல்கத்தா காசு அடித்ததா? அடித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அடிக்கவில்லை என்றால் பூதக்கண்ணாடியை எடுக்கலாம். ஆண்டு எண்ணும் சேர்ந்து மங்கியிருந்தால் அது வெறும் தேய்மானம். எண் தெளிவாக இருந்து, அதன் கீழே மட்டும் கீறலோ பள்ளமோ தெரிந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால்தான் நிபுணரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. அரிதாக இருப்பது வேறு, அதை வாங்க ஆள் இருப்பது வேறு. விலை என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது, வதந்தியில் இல்லை. விற்க நினைப்பவரிடமே "முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு" என்று கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை, பறிக்க வந்தவர். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இப்படி ஏமாற்றினார்கள். பழைய காசு, நோட்டு விவகாரங்களில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கடனில் இருக்கிறவர் கண்ணுக்கு ஒரு ரூபாய்க் காசும் தெய்வமாகத்தான் தெரியும். டைமண்டும் நட்சத்திரமும் என்ன என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அவர் கட்டிய அந்தக் கமிஷன் பணம் வீட்டிலேயே இருந்திருக்கும்...